தன்னைத் தானே எழுதுவது கூடுமா?

எகிப்திய அறிஞர் தாஹா ஹுஸைனின் ‘அல்-அய்யாம்’ நூலைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். “உஸ்தாத், ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதுவது கூடுமா?” என்று கேட்டார். மத்ரஸா மாணவர்கள் எதையும் ‘கூடுமா, கூடாதா’ என்ற சொல்லாட்சியில்தான் கேட்பார்கள். வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், வீட்டாருக்கும் சொல்லாமல், என் வாழ்க்கைக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தேன். அன்று மணி அடித்துவிட்டதால் பதில் அரைகுறையாக நின்றது. எஞ்சியதை இங்கே எழுதுகிறேன்.

இந்த இலக்கிய வகையை இன்றைய அரபியர் ‘அஸ்ஸீரத்துத் தாத்திய்யா’ என்கின்றனர். தமிழில் தன்வரலாறு அல்லது சுயசரிதை என்கிறோம். தாஹா ஹுஸைன் ‘நான்’ என்று எழுதவில்லை. பார்வையிழந்த ஒரு கிராமத்துச் சிறுவனைத் தள்ளி நின்று பார்ப்பவர்போல ‘அவன்’ என்றே எழுதிச் செல்கிறார். அவருடைய வேறு சில கருத்துகளில் நம் உலமாக்களுக்குக் கடுமையான மறுப்பு உண்டு. அது தனிச் செய்தி. ஆனால் ‘நான்’ என்ற சொல்லுக்கு அவர் காட்டிய தயக்கம் என் மாணவரின் தயக்கத்திற்கு மிக அருகில் இருக்கிறது. தன்னைப் பற்றி எழுதினால் ரியா எனும் முகஸ்துதியும், உஜுபு எனும் தற்பெருமையும் உள்ளே நுழைந்துவிடுமோ என்பதே அத்தயக்கம்.

அந்த அச்சம் வீணானதன்று. அந்நஜ்மு அத்தியாயத்தின் 32ஆம் வசனம், உங்களை நீங்களே தூய்மையாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் எனத் தடுக்கிறது. அதே திருமறையின் அள்ளுஹா அத்தியாயமோ, இறைவனின் அருட்கொடையை எடுத்துச் சொல்லுமாறு பணித்து முடிகிறது. யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்கும்போது, தாம் பேணிக்காப்பவர், அறிந்தவர் என்று தம் தகுதியைத் தாமே எடுத்துரைத்தார்கள். பெருமைக்காகச் சொல்வது வேறு, தேவைக்காகச் சொல்வது வேறு, நன்றிக்காகச் சொல்வது வேறு என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டியது இவ்விடங்களை ஒன்றாக வைத்துத்தான்.

இப்பிரிவினையை ஒரு நூலின் தலைப்பாகவே ஆக்கியவர் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்). 1445இல் கெய்ரோவில் பிறந்து 1505இல் மறைந்த அப்பெருமகனார் தம் வாழ்க்கையை எழுதி, அதற்கு ‘அத்தஹத்துஸ் பி நிஃமத்தில்லாஹ்’ என்று பெயரிட்டார். அல்லாஹ்வின் அருட்கொடையை எடுத்துரைத்தல் என்பது பொருள். அள்ளுஹா வசனத்திலிருந்து எடுத்த சொற்களே அவை. தமக்கு முன் தம்மைப் பற்றி எழுதிய அறிஞர்களின் பெயர்களையும் நூலில் அடுக்கிக் காட்டுகிறார். இது நான் தொடங்கிய புதுமையன்று என்று வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். இவ்வளவு முன்னெச்சரிக்கையோடு எழுதியும் அவர் தப்பவில்லை. அக்காலத்து அறிஞர் ஸகாவீ போன்றோர் அவரைத் தற்பெருமைக்காரர் என்றே சாடினர். என் சொந்தக் கருத்து, ஸகாவீயின் பக்கமும் சிறிது நியாயம் இருந்தது. தலைப்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது.

அப்படியானால் எது காப்பாற்றும்? இதற்கு விடை தேடி நான் ஸுயூத்தியைக் கடந்து, அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நபித்தோழரிடம் செல்ல வேண்டியிருந்தது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டின் தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் பின்தங்கிவிட்ட கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் செய்தியை நம்மில் அறியாதார் இலர். ஸஹீஹுல் புகாரியில் பல பக்கங்களுக்கு நீளும் அந்த ஹதீஸை ஒரு தன்வரலாற்றுப் பகுதியாக மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தாமே பேசுகிறார். அப்பயணத்தின்போது தமக்கு இருந்த அளவு வசதி அதற்கு முன் இருந்ததில்லை என்கிறார். இரண்டு வாகன ஒட்டகங்கள் கைவசம் இருந்தனவாம். பழங்கள் கனிந்து நிழல் இனித்த பருவம். இன்று புறப்படலாம், நாளை புறப்படலாம் என்று தள்ளிப் போட்டே படை தொலைவுக்குப் போய்விட்டது. சாக்குச் சொல்ல ஏதுமில்லை என்பதை அவரே வரிக்கு வரி உறுதிசெய்கிறார். எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சாக்குச் சொல்லித் தப்பிக்கொண்டபோது, பேச்சுத் திறன் மிக்க அவர் உண்மையைச் சொன்னார். ஐம்பது நாள்கள் ஊரே அவரோடு பேசவில்லை.

இதில் நான் பல ஆண்டுகள் ஓதிக்கொடுத்தும் கவனியாமல் விட்ட ஒன்று உண்டு. தபூக்கில் நபி (ஸல்) அவர்கள், கஅபு என்ன ஆனார் என்று கேட்கிறார்கள். உடனிருந்த ஒருவர், தம் ஆடையழகில் மயங்கி அவர் நின்றுவிட்டார் என்னும் கருத்தில் குறை சொல்கிறார். முஆத் இப்னு ஜபல் (ரலி) அதை மறுத்து, அவரிடம் நன்மையன்றி நாம் வேறொன்றும் அறியோம் என்கிறார். இதைத் திருப்பிச் சொல்லும் கஅபு, தமக்காகப் பேசிய முஆதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். குறை சொன்னவரையோ ‘பனூ ஸலிமா குலத்து ஒருவர்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார். பிற்கால விரிவுரையாளர்கள் அப்பெயரைத் தேடிச் சென்றனர், கஅபு சொல்லவில்லை. மன்னிப்பு இறங்கிய நாளில் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது முஹாஜிர்களில் தல்ஹா (ரலி) ஒருவரே எழுந்து விரைந்து வந்து கைகொடுத்தார் என்பதையோ, அதைத் தாம் மறக்கவே மாட்டார் என்ற உறுதியோடு பெயர் சொல்லிப் பதிகிறார்.

உதவியவருக்குப் பெயர் உண்டு. புண்படுத்தியவருக்குப் பெயர் இல்லை. நடந்ததை மறைக்கவுமில்லை, புறம் பேசவுமில்லை. ஸுயூத்தியின் தலைப்பில் நான் தேடியது கஅபின் சொல்முறையில் கிடைத்தது.

மேலை நாட்டு மரபில் வந்த சில தன்வரலாறுகள் அந்தரங்கப் பாவங்களை அம்பலத்தில் வைப்பதையே நேர்மை என்று கொள்கின்றன. ரூஸோ அவ்வகைக்கு எடுத்துக்காட்டு. நம்முடைய எல்லைக்கோடு வேறு. இரவில் செய்த பாவத்தை இறைவன் மறைத்திருக்க, காலையில் தானே வெளிப்படுத்துவோனை நபிமொழி கண்டிக்கிறது. கஅபு (ரலி) சொன்னது ஊரறிந்த தவறு. திருமறையே தொட்டுச் சென்ற தவறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘அல்-முன்கித்’ நூலில் தம்மைப் பீடித்த ஐயங்களையும், ஹிஜ்ரி 488இல் பாடம் நடத்த முடியாமல் நா அடைத்துப்போனதையும், தம் போதனையில் கலந்திருந்த புகழாசையையும் எழுதினார். பாவங்களின் பட்டியல் தரவில்லை. அதனால் அந்நூல் நேர்மையற்றதாகிவிடவில்லை.

நம்மவர் இவ்வகையில் எழுதியதுண்டா என்று மாணவர்கள் அடுத்துக் கேட்பார்கள். உண்டு, ஆனால் தமிழில் அன்று, மலாய் மொழியில். மலாக்காவில் வாழ்ந்த முன்ஷி அப்துல்லாஹ்வின் ‘ஹிக்காயத் அப்துல்லாஹ்’ 1849இல் சிங்கப்பூரில் அச்சேறியது. மலாய் மொழியின் முதல் தன்வரலாறாக அறிஞர்கள் கருதும் நூல் இது. யமனிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்துக்கொண்ட ஓர் அரபியரின் வழித்தோன்றல் தாம் என்று அவரே எழுதுகிறார். சிறுவயதில் தமிழ்ப் பள்ளியில் சேர்த்துத் தமக்குத் தமிழ் கற்பித்ததையும், அன்றைய மலாக்காவில் கணக்கு வழக்கும் வணிகமும் தமிழில் நடந்ததே அதற்குக் காரணம் என்பதையும் சொல்கிறார். மலாக்கா வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்தை ஒரு பிள்ளையின் பள்ளி நினைவு வழியாக நாம் அறிகிறோம். அவர் எழுதாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம் போயே போயிருக்கும். 1854இல் ஹஜ்ஜுக்குச் சென்ற பயணத்தில் அவர் மறைந்தார்.

தமிழ்நாட்டு முஸ்லிம் ஒருவரின் வாழ்க்கைக் கதையாகப் பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’. 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின் தமிழுக்கு வந்தது. அதன் ஒரு பகுதி தாம்பரத்துக்காரனாகிய எனக்கு மிக அருகில் நடக்கிறது. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. எனும் தொழில்நுட்ப நிறுவனத்தில், 1950களின் நடுவில் கலாம் சேர்கிறார். சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர் விடுதிக்குப் போன பின்னும் அவர் அமர்ந்திருப்பாராம். அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே உருவாக்குவது பற்றித் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றார். தேவனின் அதே விகடனில்தான், 1940 முதல் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ வாரந்தோறும் வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது.

கலாமின் நூலை விண்ணியல் வரலாறாகவும் ஊக்கமூட்டும் நூலாகவும் படிப்போர் பலர். நான் அதைக் கடன் கணக்காகவே படிக்கிறேன். யார் யாருக்கு என்னென்ன கடன்பட்டிருக்கிறேன் என்ற பதிவே அதில் மேலோங்கி நிற்கிறது: ஜலாலுத்தீன், ஸொஹரா, சிவசுப்பிரமணிய ஐயர், ஐயாதுரை சாலமன், ஸ்பாண்டர். இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது புதிதாக வந்த ஓர் ஆசிரியர், அர்ச்சகரின் மகனருகே முஸ்லிம் பிள்ளை உட்காருவதைப் பொறாமல் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அந்த ஆசிரியருக்கு நூலில் பெயர் கிடையாது. அழுத நண்பன் இராமநாத சாஸ்திரிக்குப் பெயர் உண்டு; ஆசிரியரை அழைத்துக் கண்டித்த அவன் தந்தை இலட்சுமண சாஸ்திரிக்கும் பெயர் உண்டு. குரோம்பேட்டையில் படிப்பு முடிந்து குழுப் புகைப்படம் எடுக்கும் நாளில், பின்வரிசையில் நின்ற கலாமைப் பேராசிரியர் ஸ்பாண்டர் தேடி அழைத்து முன்வரிசையில் தம் பக்கத்தில் இருத்திக்கொள்கிறார். பின்வரிசைக்கு அனுப்பியவரும் முன்வரிசைக்கு அழைத்தவரும் ஒரே நூலில் இருக்கின்றனர். பெயரோடு இருப்பவர் ஒருவர்தான். கஅபு (ரலி) அவர்களின் ஹதீஸை மனத்தில் வைத்து கலாம் இப்படி எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே ஒழுக்கத்தில் வளர்ந்தவர்களின் கை ஒரே விதமாக எழுதுகிறது, அவ்வளவே.

இனி என் நோட்டுக்கு வருகிறேன்.

என் வாப்பா கீழக்கரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1964இல் சென்னைக்கு வந்தவர். பெரியமேட்டுத் தோல் மண்டி ஒன்றில் கணக்கெழுதினார். பல்லாவரத்தில் வாடகைக்கு இருந்து, நாள்தோறும் மின்சார ரயிலில் பூங்கா நிலையம் சென்று திரும்புவார். பின்னர் முடிச்சூர்ச் சாலைப் பக்கம் ஒரு மனை வாங்கினார். வரவு செலவையும் வீட்டு நிகழ்ச்சிகளையும் அரபுத் தமிழில் எழுதிவைப்பது அவர் வழக்கம். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அம்முறை அவர் தலைமுறைக்குக் கைவந்த கலை. என்னால் தடுமாறாமல் வாசிக்க முடியும். என் பிள்ளைகளுக்கு அது வெறும் கோடுகள்.

நான்கு நோட்டுகள் இருந்தன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியபோது எங்கள் வீட்டின் கீழ்த்தளமும் மூழ்கியது. கீழ் அலமாரியில் இருந்த மூன்று நோட்டுகள் கூழாகிவிட்டன. பரணில் கிடந்த ஒன்று தப்பியது. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகியிருந்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளுமில்லை, பார்த்துத் தெரிந்துகொள்ள ஏடுமில்லை என்ற நிலை அந்த மூன்று நோட்டுகளின் ஆண்டுகளுக்கு வந்துவிட்டது. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பங்கள் எத்தனையோ. முதன்முதலில் வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தெருவில் முதலில் ஓலைக் கொட்டகையில் தொழுதார்கள், மையித்தை எவ்வளவு தூரம் சுமந்து சென்றார்கள் என்பதெல்லாம் ஜனாஸாத் தொழுகைக்குப் பின் வாசலில் நின்று பேசும் பேச்சோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே தப்பிய நோட்டைத் துணையாகக் கொண்டு எழுதத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்திலேயே அடி விழுந்தது.

மனை பார்க்கப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஏரிக்கரையோரம் முழங்கால் அளவு நீர். வாப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நாற்பது ஆண்டுகளாக இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அலுத்துப்போகுமளவு சொல்லியிருக்கிறேன். நோட்டைப் புரட்டினால் மனை பார்க்கச் சென்ற செலவு 1980இல் எழுதப்பட்டிருக்கிறது. “பிள்ளைகள் இருவரும்” என்று குறிப்பும் இருக்கிறது. 1980இல் எனக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுப் பையனை எந்தத் தகப்பனும் தோளில் சுமக்கமாட்டான். தம்பிக்கு அப்போது நான்கு வயது.

தோளில் இருந்தவன் தம்பி. நான் பின்னால் நனைந்துகொண்டு நடந்திருக்க வேண்டும்.

ஹதீஸ் கலையை முப்பது ஆண்டுகளாகக் கற்பிப்பவனுக்கு இது வெட்கத்தையே தந்தது. அறிவிப்பாளரிடம் நாம் தேடும் ‘ளப்து’ எனும் துல்லியம் இருவகைப்படும் என்று கரும்பலகையில் எழுதுபவன் நான்: நெஞ்சில் காப்பது, ஏட்டில் காப்பது. நல்லவராயிருப்பது மட்டும் போதாது, நினைவும் பழுதற்றிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். முதுமையில் நினைவு கலங்கிய அறிவிப்பாளர்கள் எந்த ஆண்டுக்குப் பின் கலங்கினார்கள் என்றுகூட நம் முன்னோர் குறித்துவைத்தார்கள். ஓர் இடத்தில் ஐயம் வந்தால் ‘இப்படிச் சொன்னார், அல்லது இப்படிச் சொன்னார்’ என்று ஐயத்தையும் சேர்த்தே அறிவித்தார்கள். ஸுஹைல் இப்னு அபீ ஸாலிஹ் என்பவர் தாம் அறிவித்த ஹதீஸையே மறந்துவிட்டார். தம்மிடமிருந்து அதைக் கேட்டிருந்த ரபீஆ நினைவூட்டியபோது, அதன் பிறகு அதை அறிவிக்கும்போதெல்லாம், நான் சொன்னதாக ரபீஆ எனக்குச் சொன்னார் என்றே அறிவித்தார். இவ்வாறு அறிவித்துவிட்டு மறந்தவர்களைப் பற்றி ஸுயூத்தி தனி ஏடே எழுதியிருக்கிறார்.

இந்த அளவுகோலை நபிமொழிக்கு வைத்தோம், நமக்கு வைக்கவில்லை. வைத்தால் தன்வரலாறு எழுதும் முறையே மாறிவிடும். நானே கண்டது எது, வாப்பா சொல்லக் கேட்டது எது, ஏட்டில் பார்த்தது எது, பலமுறை சொல்லிச் சொல்லி எனக்கே உண்மையாகிவிட்டது எது என்று வாக்கியத்திலேயே பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். ரயில் பயணச் சீட்டு, பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவேடு ஆகியவற்றின் பக்கத்தில் நினைவை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எழுத்தின் சுவை குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. என் அனுபவத்தில், தோளில் நான் இருந்த கதையைவிடத் தோளில் நான் இல்லாத கதையே எனக்கு வாப்பாவைப் பற்றி அதிகம் சொல்லியது.

எழுதத் தெரியாத, அல்லது கை நடுங்கும் பெரியவர்கள் என்ன செய்வது? இப்னு ஸீனா தம் இளமை வரலாற்றைச் சொல்ல, மாணவர் ஜூஸ்ஜானி எழுதினார். பிற்பகுதியை ஜூஸ்ஜானியே தம் பொறுப்பில் தொடர்ந்தார். கலாமின் நூலும் அவரோடு பணியாற்றிய அருண் திவாரியின் துணையோடு எழுந்ததே. கஅபு (ரலி) அவர்களின் செய்தி நமக்கு வந்ததும் பார்வை மங்கிய முதுமையில் அவரைக் கைப்பிடித்து நடத்திச் சென்ற மகன் அப்துல்லாஹ்வின் வாயிலாகத்தான். கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளும் வசதி இன்று ஒவ்வொரு பேரனிடமும் இருக்கிறது. கேட்பவன் தன் சொல்லைப் பாட்டனார் வாயில் வைக்காமலிருந்தால் போதும். பாட்டிமார்களிடமும் கேட்க வேண்டும். அக்பரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் அத்தை குல்பதன் பேகம் தம் நினைவுகளை எழுதினார். முகலாய அந்தப்புரத்தின் அழுகையும் விருந்தும் நமக்குத் தெரிவது அவரால்தான். நமக்குக் கிடைத்துள்ள பிரதியும் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

வாப்பாவின் நோட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இரண்டு பக்கங்கள், அமானிதமாகக் கொடுத்த ஒரு தொகையை உறவினர் ஒருவர் திருப்பித் தராதது பற்றியவை. பெயரும் தேதியும் தொகையும் உண்டு, கோபமும் உண்டு. அவருடைய பிள்ளைகள் இன்றும் பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அதை விட்டுவிடவும் மனமில்லை. அந்தத் தொகை வராததால்தான் என் அக்காவின் திருமணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. பக்கத்தின் அடியில், வேறு மையில், பல ஆண்டுகள் கழித்து எழுதியதுபோல் ஒரு வரி: “ஹலாலாக்கிவிட்டேன்.” உரியவர் மன்னித்துவிட்ட கடனுக்கு நான் வசூல்காரனாக முடியாது. ‘உறவினர் ஒருவர்’ என்று எழுதி, திருமணம் தள்ளிப்போனதை எழுதி, அந்தக் கடைசி வரியையும் சேர்த்துவிட்டேன். அந்த ஓராண்டில் வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுத்த பல்லாவரத்து மளிகைக்கடைக்காரரின் பெயரை மட்டும் முழுமையாக எழுதியிருக்கிறேன். அவர் முஸ்லிம் அல்லர். தொகையை முழுதாகத் திருப்பிக் கொடுத்த தேதியும் நோட்டில் இருக்கிறது.

முதல் அத்தியாயத்தைத் திருத்துமுன் தம்பியை அழைத்துக் கேட்டேன். ஏரிக்கரை, நீர், தோள், தொப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, “எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை, காக்கா. உங்களுக்குத்தான் இவ்வளவு ஞாபகம் இருக்கிறதே, நீங்களே தோளில் இருந்துகொள்ளுங்கள்” என்றான்.

இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.